தலையை இடப்பக்கம் சாய்க்கவும்

அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வயதாகிவிட்டது, விட்டுத்தொலையுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். காலையில் விழுங்கும் மாத்திரை ஐந்து. மாடிப்படி பத்தொன்பது. தெருமுனை வரை விளக்குக் கம்பம் ஏழு, அதில் எரியாதது மூன்று. இவ்வளவையும் வைத்துக்கொண்டிருக்கிற மண்டையிலிருந்து அவர் செய்தது மட்டும் எப்படி விழுந்துபோகும்?

எழுபதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாகச் சேரும் மாணவர்களை முப்பது முப்பது பேராக உள்ளே அழைத்து, நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. மில் தொழிலாளிகளின் பிள்ளைகள், பாகூர் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள், வைத்திக்குப்பத்திலிருந்து இரண்டு மூன்று பேர் வருவார்கள். பெரும்பாலோர் அதற்குமுன் ஒரு நூலகத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. கார்டுப் பெட்டியில் புத்தகத்தின் பெயரை எப்படித் தேடுவது, கார்டின் மூலையில் இருக்கும் எண் என்ன, அந்த எண்ணை வைத்துக்கொண்டு அலமாரியில் எப்படிப் புத்தகத்தைப் பிடிப்பது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது. நாற்பது நிமிடப் பேச்சு. ஒரு நாளைக்கு நான்கு தடவை. அதே பேச்சு, அதே அசட்டுச் சிரிப்பு, அதே கேள்வி: “சார், வூட்டுக்கு எட்த்துனு போலாமா?”

எங்கள் நூலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சங்கதி இருந்தது. கல்லூரிக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் நடந்தது. அது விட்டுவிட்டுப் போன புத்தகங்கள் ஆறு அலமாரி. பிரெஞ்சுக்காரர்கள் புத்தகத்தின் முதுகில் தலைப்பைக் கீழிருந்து மேலாக அச்சடிப்பார்கள். இங்கிலீஷ் புத்தகத்தில் மேலிருந்து கீழாக இருக்கும். தமிழும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே அலமாரிக்கு முன்னால் நின்று தலைப்பைப் படிக்க, இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் தலையை வலப்பக்கம் சாய்க்க வேண்டும், பிரெஞ்சுக்கு இடப்பக்கம். என் மேசையில் உட்கார்ந்தபடியே, உள்ளே நிற்கிறவர் எந்த மொழியில் தேடுகிறார் என்று அவர் கழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

இடப்பக்கம் சாய்கிறவர்களில் முக்கியமானவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வோம். இவர் முதல்வரிடம் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு தினமும் வருவார். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, வாய் மட்டும் சுத்தமான முத்தியால்பேட்டை.

“இன்னா முசியே, தொண்ட இன்னும் கீதா?” என்று ஜூலை மாதத்தில் கேட்பார். யாரையும் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவார்.

“இன்னும் ஒம்போது பேட்ச் இருக்கு.”

“நீ பேசறத ஒரு பொட்டியில புட்ச்சி வச்சிக்கினு அத்த போட்டுவுட வேண்டியதுதான?”

விளையாட்டாகத்தான் சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூலையில் எனக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. மீதமிருந்த ஏழு பேட்ச்சுக்கும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்த முதல்வர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொல்வதை நம்புகிறவர்.

“கருவி வாங்க இந்த வருஷம் நமக்குப் பணம் வந்திருக்கு. நீங்க பேசாம பாடம் நடக்கறாப்பல ஒரு மிஷினைப் பாருங்க. இன்னொண்ணு, நூலகத்துல வழிகாட்டிப் பதவின்னு ஒண்ணு புதுசா அனுமதிச்சிருக்காங்க. ஒரே ஒரு இடம். இந்தப் பாடத்தை யார் செய்யறாங்களோ அவங்க பேரைத்தான் எழுதப்போறேன். தொடக்க விழாவுல பாத்துட்டு எழுதறேன்.”

பன்னிரண்டு வருடம் உதவியாளராகவே இருந்தவனுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்! அன்று வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது வழியில் எதையுமே எண்ணவில்லை.

இனி அந்த மனிதர். என்னைவிட நான்கு வருடம் பின்னால் சேர்ந்தவர். மெட்ராஸ்காரர். என்னிடம் இருந்த அதே நூலகப் பட்டம்தான் அவரிடமும் இருந்தது. மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் வாயில் வழுக்கிக்கொண்டு வரும். முதல்வர் அறையில் காபி குடிக்கிற உரிமையும் எப்படியோ வந்திருந்தது. அந்த வருடம் நூலகர் நீண்ட விடுப்பில் போனதால் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். பொறுப்பு என்றால் சாவி. சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பேசுவார்.

எந்த மிஷின் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அவர் எடுத்தவுடனே வீடியோ என்றார். டிவிப் பெட்டியும் வீடியோ மிஷினும் வாங்கி, மெட்ராஸிலிருந்து ஆள் கொண்டுவந்து படம் பிடித்துவிடலாமாம்.

நான் கேட்டேன்: “இருபது அங்குலப் பெட்டியில கார்டோட மூலையில இருக்கற எண்ணு கடைசி பெஞ்சுக்குத் தெரியுமா சார்?”

“க்ளோஸப் எடுப்பாங்க.”

“அடுத்த வருஷம் அலமாரியை இடம் மாத்தினா?”

“மாத்தாதீங்க.”

முதல்வர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பதினாறு மில்லிமீட்டர் சினிமாப்படம் என்றால் இதைவிட மோசம். ஒரு மேசை நகர்ந்தால் படம் முழுக்கப் பொய்யாகிவிடும். கண்ணாடித் தாளில் எழுதித் திரையில் காட்டுகிற புரொஜெக்டர் நல்லதுதான், மலிவும்கூட. ஆனால் பக்கத்தில் ஒருவன் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவனின் தொண்டையைக் காப்பாற்றத்தானே இத்தனையும்? அச்சடித்த தாள் கொடுத்தால் பிள்ளைகள் அதை விசிறியாக்குவார்கள். போன வருடத்துத் தாள்களைக் கடற்கரையில் சுண்டல் பொட்டலமாக நானே வாங்கித் தின்றிருக்கிறேன்.

நான் சொன்னது ஸ்லைடு. வட்டத் தட்டில் எண்பது ஸ்லைடு வரை அடுக்கலாம். பேச்சு கேசட்டில் ஓடும். ‘டிங்’ என்று சத்தம் வந்ததும் அடுத்த படத்துக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அலமாரி நகர்ந்தால் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேள்வி கேட்டால் டேப்பை நிறுத்திவிட்டு அதே படத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காட்டலாம். சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

“இது என்ன சார், கல்யாண வீட்டு ஆல்பமா?” என்றார் அவர் முதல்வரைப் பார்த்து. “நாளைக்கு ஊரே வீடியோ பாக்கப்போவுது. நாம மேஜிக் லாந்தர் காட்டிட்டு இருப்போமா?”

முதல்வருக்கு இரண்டும் சரி என்று பட்டது. சோதனை வைத்துப் பார்க்கலாம் என்றேன் நான். பிளஸ் டூ முடித்து வந்தவர்களில் இதுவரை நூலகத்துக்குள்ளேயே வராத பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். ஒரு கூட்டத்துக்கு அச்சடித்த தாள். இன்னொன்றுக்கு அவர் தன் மைத்துனரிடமிருந்து கொண்டுவந்த வீடியோவில் வேறு ஏதோ நூலகம் பற்றிய இங்கிலீஷ் படம். மூன்றாவதுக்கு, மிஷன் வீதி ஸ்டூடியோக்காரரிடம் இரவல் வாங்கிய புரொஜெக்டரில் நானே எடுத்த பதினைந்து ஸ்லைடும் என் குரலும். பிறகு ஆளுக்கு ஒரு புத்தகத்தின் பெயரைக் கொடுத்து, எடுத்துவரச் சொன்னோம். ஸ்லைடு பார்த்த பிள்ளைகள் புத்தகத்தோடு திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்து காலாட்ட ஆரம்பித்த பிறகுதான் தாள்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வீடியோ பார்த்த கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் கடைசிவரை கார்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா தேடற?” என்று சொல்தா கேட்டார்.

“அந்தப் படத்துல ஒரு வெள்ளக்கார அம்மா வந்து எட்த்துக் குடுத்தாங்க. இங்க யாரும் வர்ல.”

முதல்வர் ஸ்லைடு என்று முடிவு செய்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆறு மாதம் வேலை செய்தேன். எழுபத்திரண்டு ஸ்லைடு. காலை வெயில் ஜன்னல் வழியாகச் சரியாக விழுகிற நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு அலமாரியையும் எடுத்தேன். பேச்சை எட்டுத் தடவை திருத்தி எழுதினேன். ‘டிங்’ சத்தத்துக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். மின்சாரம் குறைந்தால் டேப் இழுத்து, நான் குடித்துவிட்டுப் பேசுகிற மாதிரி கேட்கும். அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் ஏற்பாடு செய்தேன். கடற்காற்றில் ஸ்லைடில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பிஸ்கட் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டு வைத்தேன். ஒவ்வொரு ஸ்லைடின் அட்டைச் சட்டத்திலும் வரிசை எண்ணும் என் பெயரின் முதலெழுத்தும் எழுதினேன். கீழ் இடது மூலையில் சிவப்பில் ஒரு புள்ளி. புரொஜெக்டரில் ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டால்தான் திரையில் நேராக விழும். கையில் எடுக்கும்போது புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தால், படத்தைப் பார்க்காமலேயே சரியாக அடுக்கிவிடலாம்.

பிரெஞ்சு அலமாரிகளுக்குப் பதினொரு ஸ்லைடு. முப்பத்தொன்று முதல் நாற்பத்தொன்று வரை. அந்த இடத்தில் என் பேச்சில் ஒரு வாக்கியம் வரும்: “பிரெஞ்சுப் புத்தகமானால் தலையை இடப்பக்கம் சாய்க்கவும்.”

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் வந்து, “டப்பாவைக் குடுங்க, ஒரு பார்வை பாத்துட்டுத் தர்றேன்” என்றார். பொறுப்பில் இருக்கிறவர். கொடுத்தேன்.

திரும்பி வரவில்லை. பத்து நாள் கழித்து முதல்வர் அறைக்குப் போனேன். மேசையில் விழாவின் அழைப்பிதழ். நூலகப் பயிற்சிப் பாடம், தயாரிப்பும் இயக்கமும் என்று போட்டு அவர் பெயர் இருந்தது. என் பெயர் இரண்டாம் பக்கத்தில், நாற்காலி போடுகிறவர்களுக்கும் மைக் செட்காரருக்கும் நன்றி சொல்லும் வரியில், மைக் செட்காரருக்கு அடுத்து இருந்தது.

முதல்வர் தலையைத் தூக்காமல், “அவர் நிறைய மாத்தியிருக்காரு போல இருக்கே. புரொஃபஷனலா வந்திருக்காம்” என்றார்.

என்ன மாற்றியிருந்தார்? என் குரலை எடுத்துவிட்டு மெட்ராஸில் யாரோ ஒரு தேன்குரல் அம்மாவை வைத்துப் பேசவைத்திருந்தார். டம்ளர் சத்தத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். அதைவிட நல்ல ‘டிங்’ கிடைக்கவில்லை போலும். அட்டைச் சட்டங்களை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, வெள்ளை பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டியிருந்தார். அட்டை பழசாகத் தெரிகிறது என்று காரணம் சொன்னார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். எழுபத்திரண்டு இடத்தில் என் பெயரின் முதலெழுத்து இருந்தது. அதைப் பிய்த்தபோது சிவப்புப் புள்ளியும் கூடவே போயிற்று.

“கழுத்தைச் சாய்க்கற வரியைக் காணோமே சார்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்கு, சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி? லைப்ரரி சயின்ஸ்ல அப்படி ஒரு பாடமே கிடையாது.”

எட்டு வருடம் அந்த நூலகத்தில் இருந்தவர். பிரெஞ்சு அலமாரிப் பக்கம் ஒரு நாள்கூடப் போனதில்லை. அவர் கழுத்து வலப்பக்கம் மட்டும்தான் சாயும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. “ஒங்க பதவிய அந்தாளு தூக்கினு போறான். நீங்க இங்க குந்திக்கினு டம்ளர எண்ணுங்க” என்றாள்.

“என்ன பண்ணச் சொல்ற?”

“அவன் மூஞ்சியில அடிச்சாப்பல எதனா ஒண்ணு பண்ணுங்க. நானா சொல்லிக் குடுக்கணும்?”

விழாவன்று காலையில் ஒத்திகை. புரொஜெக்டருக்கு ஒரே ஒரு பல்புதான் இருந்தது. மாற்றுப் பல்பு இன்னும் வரவில்லை. ஒத்திகையில் பல்பு போய்விட்டால் விழா நின்றுவிடும் என்று அந்த மனிதர் டேப்பை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார். நான் ஸ்டெபிலைசரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அட்டெண்டர்கள் இரண்டு பேரும் சொல்தாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சாவியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“சார், உங்ககிட்ட ஒரு ரெக்வெஸ்ட். இன்னிக்கு யாராவது கேட்டா மட்டும் பேசுங்க. கேக்கலேன்னா சும்மா இருங்க. போதும்.”

ஒரு அட்டெண்டர் இருமினான், சிரிப்பை மறைக்க. சொல்தா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பிற்பகலில் அவர் வாசிப்பு மேசையில் உட்கார்ந்து ஸ்லைடுகளைத் தட்டில் அடுக்கினார். நான் பத்தடி தள்ளி நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்றுப் பத்து. ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்துக் குழல்விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எது மேல், எது கீழ் என்று பார்த்துவிட்டு, தலைகீழாகத் திருப்பித் தட்டில் சொருகினார். ஆள் உள்ள படங்களில் சிரமமில்லை. மேசை, நாற்காலி உள்ளவற்றிலும் இல்லை. புத்தகங்களை நெருங்கி எடுத்த படங்களில்தான் தயங்கினார். விரல் அகலப் படம். முழுக்க முழுக்கப் புத்தக முதுகுகள். முதுகில் ஒட்டிய எண் எறும்புக்கால் மாதிரி இருக்கும், படிக்க முடியாது. தலைப்புகளை மட்டும் மசமசப்பாகப் படிக்கலாம். அவர் தலையை வலப்பக்கம் சாய்த்து, எழுத்து எப்படி ஓடுகிறது என்று பார்த்துத்தான் நிமிர்த்துகிறார் என்று எனக்குப் புரிந்தது. இங்கிலீஷ், தமிழ் எல்லாம் சரியாகப் போயிற்று.

முப்பத்தொன்றாவது ஸ்லைடை எடுத்தார். தலையை வலப்பக்கம் சாய்த்தார். எழுத்து தலைகீழாகத் தெரிந்திருக்கும். நாக்கைத் தட்டிக்கொண்டு, ஸ்லைடைத் தலைகீழாகத் திருப்பினார். இப்போது தலைப்பு மேலிருந்து கீழாக ஓடியது. அதுதான் நேர் என்ற திருப்தியோடு, மற்றவற்றைப் போலவே இன்னொரு முறை தலைகீழாக்கிச் சொருகினார்.

நான் நாற்காலி எண்ணுவதை நிறுத்திவிட்டேன். முப்பத்திரண்டு, திருப்பினார். முப்பத்து மூன்று, திருப்பினார். பதினொன்றையும் திருப்பினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்போது அவர் நிமிர்ந்து பார்த்து, “என்ன சார், ஏதாவது வேணுமா?” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்கவில்லை. கேட்காவிட்டால் சும்மா இருக்கச் சொன்னவர் அவர். நான் சொன்னபடி நடக்கிறவன்.

மாலை ஐந்தரைக்கு விழா. நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் முதல்வர், பேராசிரியர்கள், ஊரில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் சிலர், சொல்தா. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அவர் இங்கிலீஷில் முன்னுரை சொன்னார். ‘மை கான்செப்ட்’ என்று நான்கு தடவை வந்தது. பிறகு பொத்தானைத் தானே கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முப்பது ஸ்லைடும் அழகாகத்தான் போயின. என் ஸ்லைடு, அழகாகப் போகாமல் என்ன! முதல்வர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ பாராட்டினார். ஒருவேளை நான் பார்த்தது தப்போ?

டிங்.

சுவர் முழுக்கப் பிரெஞ்சு அலமாரி. புத்தகங்கள் மேல்பலகையில் ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கித் தொங்கின. உயரம் குறைந்தது, கூடியது எல்லாம் மேலே ஒரே கோடாகவும் கீழே மேடு பள்ளமாகவும் இருந்தன. தேன்குரல் அம்மா சொன்னாள்: “இவை பிரெஞ்சு மொழி நூல்கள். ஒவ்வொரு நூலின் அடிப்பகுதியிலும் ஒட்டப்பட்டுள்ள எண்ணைக் கவனியுங்கள்.” எண் உச்சியில் இருந்தது, தலைகீழாக.

முதல் வரிசையிலிருந்து சொல்தாவின் குரல்:

“அட, வவ்வாலு மாரி தொங்குதுடா!”

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் இருட்டில், “ஒரு ஸ்லைடு மாறிடுச்சு, மன்னிக்கணும், ஒண்ணுதான்” என்றார்.

டிங். அடுத்ததும் தொங்கியது.

“ஒண்ணுன்ன, ஒங் கொடும்பமே வந்துக்கினு கீது!”

டிங். டேப்பை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பொத்தானை அழுத்தாமலாவது இருந்திருக்கலாம். நல்ல படம் வந்துவிடும் என்ற ஆசையில் ஒவ்வொரு ‘டிங்’குக்கும் அழுத்தினார். ஐந்தாவதில் பிடிவாதம் வந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் போய்த் தலையை வலப்பக்கம் சாய்த்து, “டைட்டில் கரெக்டாதான் சார் இருக்கு! படிச்சுப் பாருங்க, மேல இருந்து கீழ கரெக்டா வருது!” என்றார்.

“அந்த நம்பரப் படிக்கணும்னா நாங்க எல்லாம் சிரசாசனம் போடணும் முசியே!” என்றார் சொல்தா. பின்வரிசையில் ஒருவன் நாற்காலியிலிருந்தே விழுந்தான்.

முதல்வர் விளக்கைப் போடச் சொன்னார். கோபமாக என் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, இது என்ன? உங்களுக்குத் தெரியுமா இது?”

கேட்டார். கேட்டதால் பேசினேன்.

எழுந்து நடுவில் வந்து நின்றேன். கனைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் பேசிய தொண்டை. பிரெஞ்சுப் புத்தகத்தின் முதுகு எப்படி, இங்கிலீஷ் எப்படி, தலைப்பை மட்டும் வைத்து நிமிர்த்தினால் பிரெஞ்சு அலமாரி ஏன் தலைகீழாகும் என்று சொன்னேன். அட்டையில் சிவப்புப் புள்ளி எதற்கு இருந்தது, அது எப்போது போயிற்று என்றும் சொன்னேன். யார் பிய்த்தார்கள் என்று சொல்லவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பதினொரு ஸ்லைடையும் எடுத்துத் திருப்பிச் சொருகினேன். பத்துத் தடவை ஒத்திகை பார்த்தவன் மாதிரி விரல் ஓடியது. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, டேப்பை ஓடவிடாமல், என் வாயாலேயே சொன்னேன்:

“பிரெஞ்சுப் புத்தகமானால் தலையை இடப்பக்கம் சாய்க்கவும்.”

முதல் வரிசை சாய்த்தது. பிறகு எல்லா வரிசையும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் நூறு தலைகளுக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்தன. முதல்வரின் தலையும் சாய்ந்தது. ஒரு தலை மட்டும் நேராக நின்றது. அதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு முதல்வர் என் பெயரை எழுதினார். அவர் அறையிலிருந்து வந்த காபி அன்று எனக்கு.

இதோடு விட்டிருக்கலாம் என்று சொல்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. ஒரு மனிதனின் பெயரை எழுபத்திரண்டு இடத்தில் பிய்த்துப் போட்டவருக்கு ஒரு மாலை போதுமா?

அடுத்த ஜூலையிலிருந்து பாடத்தை நான் நடத்தினேன், என் குரல் கேசட்டோடு. பாடத்தில் ஒரு ஸ்லைடைக் கூட்டினேன், எழுபத்து மூன்றாவது. எல்லாம் முடிந்த பிறகு, தலைகீழாகத் தொங்கும் பிரெஞ்சு அலமாரி. “நூலகத்தை அறியாதவர் கண்ணுக்கு இது இப்படித்தான் தெரியும்” என்று டேப்பில் என் குரல். அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பழைய மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். சிரிப்பு சுவரைத் தாண்டி அவர் மேசைக்குக் கேட்கும். ஒரு பேட்ச்சுக்கு ஒரு சிரிப்பு. அவருக்கு வௌவால் சார் என்று பெயர் நிலைத்துவிட்டது. சைக்கிள் நிறுத்துமிடச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் அதை வரைந்துகூட வைத்தார்கள், தொங்குகிற மாதிரி.

ஐந்தாவது ஜூலையில் என் அறைக்கு வந்தார். சாவி இப்போது என் மேசையில் இருந்தது.

“அந்தக் கடைசி ஸ்லைடை எடுத்துடக்கூடாதா சார்?”

“எதுக்கு சார்? பிள்ளைங்களுக்கு நல்லா மனசுல நிக்குது.”

“எம் பொண்ணு இந்த வருஷம் இங்க சேர்றா.”

“எத்தனாவது பேட்ச்?” என்று கேட்டேன்.

சொன்னார். அந்தப் பேட்ச்சுக்கு மட்டும் எடுத்தேன். மறுநாள் திரும்பப் போட்டேன். அந்த வருடமே காரைக்காலுக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தார். கிடைத்தது.

பிரிவு உபசாரத்துக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். நான் தனியாக ஒன்று கொடுத்தேன். முப்பத்தொன்றாவது ஸ்லைடைப் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி போட்ட படம். கொக்கியை நானே அடித்தேன், எந்தப் பக்கம் அடிக்க வேண்டுமோ அந்தப் பக்கம். மாட்டினால் புத்தகங்கள் தொங்கும். தலைப்புகள் மேலிருந்து கீழாக, அவருக்குப் பிடித்த மாதிரியே ஓடும். அவர் எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்த்து, “ரொம்ப நன்றி சார்” என்றார்.

இரண்டு வருடம் கழித்துக் காரைக்கால் போய்வந்த சொல்தா, ஒரு கல்யாணத்துக்காகப் போனவர், அந்த வீட்டுக்கும் எட்டிப் பார்த்திருக்கிறார். வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

“அந்தப் படத்தை மாட்டியிருக்கானா?” என்று கேட்டேன்.

“ஹால்லதான் மாட்டிக்கிறான். ஆனா பொஸ்தகம் நேரா நிக்குது முசியே. கொக்கியப் புடுங்கி அந்தாண்ட அட்ச்சிக்கினான். நான் ஒக்காந்து பாத்துக்கினு இருந்தேன், அவங் கழுத்து தானா லெஃப்ட்ல சாஞ்சிது.”

அப்படியானால் அந்த ஆளுக்கு என் பாடம் ஏறியிருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷமில்லை. நேராக்குவதற்காகவா கொடுத்தேன்?

“பழைய கொக்கி அடிச்ச எடம்?” என்று கேட்டேன்.

“கீய சட்டத்துல ரெண்டு ஓட்டை கீது. மூடல.”

இரண்டு. நான் அடித்ததும் இரண்டு ஆணிதான். தேக்கில் அடித்த ஓட்டை அவ்வளவு சுலபமாகத் தூராது. அந்த மட்டில் எனக்குப் போதும்.